இரண்டு கார், இரண்டு பேட்டரி: எதை நீங்களே மாற்றலாம்?

கேள்வி: வீட்டில் இரண்டு கார். என்னுடையது ஐந்து வருடப் பழசு, பெட்ரோல். சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து, கிளட்ச் மிதித்தால் திரும்ப ஓடும் வகை. அந்த வசதி சில மாதங்களாக வேலை செய்யவில்லை. இப்போது காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது. இதுவரை பேட்டரி மாற்றியதே இல்லை. அப்பாவின் கார் ரொம்பப் பழசு. 35 ஆம்பியர் அவர் (Ah, அதாவது கொள்ளளவு) பேட்டரி, போன வருடம்தான் புதிதாகப் போட்டோம். ஆனால் நான்கு நாள் எடுக்காமல் விட்டால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. "இரண்டு நட்டு, பத்து நிமிஷ வேலை, ரெண்டு காருக்கும் நாமே வாங்கிப் போட்டுடலாம்" என்கிறான் தம்பி. மெக்கானிக்கோ "நீங்க தொடாதீங்கம்மா, கம்ப்யூட்டர் போயிடும்" என்கிறார். என் காரில் பேட்டரியின் மைனஸ் பக்கம் வயரோடு சேர்ந்து ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. உங்கள் காருக்குப் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது, ஆனால் அதைத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். அப்பாவின் காருக்கு நீங்களும் தம்பியும் தாராளமாக நீங்களே மாற்றலாம், ஆனால் அந்தக் காருக்குப் பேட்டரி வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஒரு வருடப் பேட்டரி நான்கே நாளில் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் குற்றம் பேட்டரியில் இருக்காது. இன்னொன்று வாங்கிப் போட்டாலும் அடுத்த மாதம் இதே டிக் டிக்தான்.

நட்டைக் கழற்றுவது பத்து நிமிஷ வேலை என்று தம்பி சொல்வது உண்மைதான், பெரும்பாலான கார்களில் ஒரு 10 எம்எம் ஸ்பானர் போதும். ஆனால் கடைக்காரருக்கு நாம் கூலி கொடுக்க வேண்டியது அந்த நட்டுக்காக இல்லை. மாற்றுவதற்கு முன்னால் "இது பேட்டரி கோளாறுதானா" என்று பார்ப்பதற்கும், மாற்றிய பிறகு "சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா" என்று பார்ப்பதற்கும்தான் கொடுக்கிறோம். அந்த இரண்டையும் செய்யாமல் பழசை எடுத்துப் புதுசை வைத்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் கூலி வீண். அந்த இரண்டையும் நீங்களே செய்யக் கற்றுக்கொண்டால், சாதாரண காருக்கு ஆள் தேவையே இல்லை.

அதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டால் போதும். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவு திறந்து விளக்கு எதுவும் எரிவதற்கு முன்னால் அளக்க வேண்டும். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமாக ஏறியிருக்கும் சார்ஜ் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இது முதல் எண். இரண்டாவது எண், ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும், செல்ஃப் சுற்றும் அந்த நொடிகளில் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று. 10-க்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. முழு சார்ஜில் இருந்த பேட்டரி 9.6-க்குக் கீழே சரிந்தால் அதற்குத் தெம்பு போய்விட்டது. நின்றிருக்கும்போது 12.6 காட்டிவிட்டு செல்ஃப் அடித்ததும் 8-க்கு விழுகிற பேட்டரிகள் நிறைய உண்டு, வெறும் முதல் எண்ணை மட்டும் பார்த்து "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவது அதனால்தான் தவறு. மூன்றாவது எண், என்ஜின் ஓடும்போது. பழைய வகைக் கார்களில் 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும், ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்ட பிறகும். 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரோ (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் உறுப்பு) அதைச் சுற்றும் பெல்ட்டோ சரியில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அது பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கார் போன்ற புதிய வகைகளில் சார்ஜ் ஆவதை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும், அதனால் ஓட்டத்தில் எண் மேலும் கீழும் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அல்லது கிளாம்ப்பைக் கையால் திருப்பினால் சுற்றினால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். செல்ஃப் மோட்டார் ஒரே நேரத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த மின்சாரம் போகிற வழியில் கொஞ்சம் துரு இருந்தாலும் பேட்டரி செத்த மாதிரியேதான் தெரியும். இப்படித் துடைத்து இறுக்கியதோடு சரியான கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றில் சிலவற்றுக்கு அதற்குள் புதுப் பேட்டரி வாங்கியும் வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் காருக்கு வருகிறேன். ஐந்து வருடம் என்பது பேட்டரிக்கு நல்ல ஆயுள், மூன்றிலிருந்து ஐந்துதான் பொதுவான கணக்கு, வெப்பம் அதிகமான இடத்தில் அதையும் எட்டாது. நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது: சிக்னலில் என்ஜின் அணையும் வசதி சில மாதங்களாக வேலை செய்யவில்லை என்றீர்களே, அது பல நேரங்களில் பேட்டரி களைத்துப்போனதற்கான முதல் அறிகுறி. பேட்டரியில் திரும்ப ஸ்டார்ட் செய்யும் அளவுக்குத் தெம்பு இல்லை என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் என்ஜினை அணைக்கவே அணைக்காது. (ஏசி அதிகமாக ஓடினாலும், என்ஜின் சூடேறாமல் இருந்தாலும் அப்படித்தான் செய்யும், ஆனால் மாதக்கணக்கில் ஒருநாள்கூட வேலை செய்யவில்லை என்றால் வேறு கதை.) பேட்டரியின் நிலையைக் கம்ப்யூட்டருக்குத் தெரியப்படுத்தும் உறுப்புதான் படத்தில் நீங்கள் காட்டிய அந்தக் கறுப்புப் பெட்டி. அது ஒரு சென்சார். பேட்டரிக்குள் போகிற, வருகிற மின்சாரம், வோல்ட், சூடு எல்லாவற்றையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மைனஸ் கிளாம்ப் வராமல் இறுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்புவது நம்மில் பலருக்குப் பழக்கம், இந்த வகையில் அப்படி நெம்பினால் சென்சார் உடையும், பேட்டரிக்கு மேல் அதற்கும் செலவு.

அடுத்தது பேட்டரியின் வகை. உங்கள் காரில் சாதாரண பேட்டரி போடக்கூடாது. ஒரு நாளில் எத்தனையோ தடவை ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கென்றே ஈஎஃப்பி, ஏஜிஎம் என்று இரண்டு வகை உண்டு, பழைய பேட்டரியின் மேல் ஸ்டிக்கரில் எது என்று போட்டிருக்கும். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான். ஈஎஃப்பி இருந்தால் ஈஎஃப்பி. விலை குறைவு என்று சாதாரண வகையைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு, "அளவு ஒண்ணுதான், உக்காந்துடும்" என்பார்கள். உட்காரும், ஸ்டார்ட்டும் ஆகும், ஆனால் சீக்கிரமே போய்விடும்.

மூன்றாவது, சில கார்களில் புதுப் பேட்டரி போட்ட விஷயத்தை ஸ்கேனர் வைத்து கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால், உள்ளே இருப்பது அதே ஐந்து வருடக் கிழப் பேட்டரி என்று நினைத்துக்கொண்டு அதற்கேற்ற விதத்திலேயே சார்ஜ் போடும், புதுசின் ஆயுள் குறையும். சில கார்கள் சில மணி நேரம் பூட்டி நிறுத்திவைத்தால் தாங்களே கற்றுக்கொள்ளும். உங்கள் மாடல் எந்த வகை என்பது கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ தெரியும். அந்த ஸ்கேனர் வீட்டில் இருக்காது, அதனால்தான் இந்தக் காரை ஆளிடம் கொடுங்கள் என்கிறேன், உங்களால் முடியாது என்பதற்காக இல்லை.

"கம்ப்யூட்டர் போயிடும்" என்று மெக்கானிக் சொன்னது அப்படியே உண்மை இல்லை. சாவியை எடுத்து, எல்லாம் அணைந்த பிறகு பேட்டரியைக் கழற்றி மாட்டுவதால் கம்ப்யூட்டர் போகாது, சர்வீஸில் எத்தனையோ வேலைக்கு அப்படிக் கழற்றுகிறார்கள். போவது எப்போது என்றால், பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால். அப்போது ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் டயோடு, கம்ப்யூட்டர் என்று எது வேண்டுமானாலும் போகலாம். அதேபோல என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றினாலும் போகும், ஏனென்றால் ஆல்டர்னேட்டர் தயாரிக்கும் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாமல் போனதும் வோல்ட் ஒரே எகிறாக எகிறும். ரேடியோ, கடிகார செட்டிங் அழியக்கூடாது என்று என்ஜினை ஓடவிட்டே பேட்டரி மாற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு மாற்ற வருபவர் அப்படி ஆரம்பித்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லிவிடுங்கள், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. செட்டிங் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது.

அதனால் காரை விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நின்று கேளுங்கள். பழைய பேட்டரியை டெஸ்ட் செய்து எனக்குக் காட்டினீர்களா, புதுசு அதே வகைதானா, தயாரித்த தேதி என்ன, இந்தக் காருக்குப் பதிய வேண்டுமா, பதிந்தீர்களா, மாற்றிய பிறகு சார்ஜிங் வோல்ட் எவ்வளவு. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.

அப்பாவின் கார்தான் எனக்கு அதிக ஆர்வமாக இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். நிறுத்திவைத்த காரும் கடிகாரம், அலாரம், ரேடியோ நினைவு என்று கொஞ்சம் மின்சாரம் இழுக்கும், 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் அது சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். அந்தக் கணக்கில் 35 ஆம்பியர் அவர் பேட்டரி பாதி இறங்கவே இரண்டு வாரம் ஆகும். உங்களுக்கு நான்கு நாளில் இறங்குகிறது. டிக்கியிலோ டாஷ்போர்டு டிராயரிலோ இருக்கும் 5 வாட் குண்டு பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் அவர், மூன்றரை நாள் முடியும்போது பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. எண் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று தண்ணீரை மாற்றிப் பயன் இல்லை. பல்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, சார்ஜர், அலாரம் என்று எதையாவது ஃபியூஸுக்கு முன்னால் நேர் லைனில் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டாலும் இப்படி ரகசியமாக இறங்கும்.

கண்டுபிடிப்பது இப்படி. முதலில் பேட்டரியை நன்றாக சார்ஜ் செய்துவிடுங்கள். சாவியை எடுத்து, எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரையும் 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும், அதனால் மூடி வையுங்கள் அல்லது கதவு லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் பறந்துவிடும். கொஞ்ச நேரம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். 0.05-க்கு (அதாவது 50 மில்லியாம்பியருக்கு) மேல் நிற்கிறதா, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பார்த்து, திரும்பச் செருகுங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எந்த ஃபியூஸுக்கும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் நேர் லைனில் கொடுத்தவற்றையும் சந்தேகப்படுங்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை.

கசிவை அடைத்த பிறகும் பேட்டரி பிழைக்குமா என்பது நிச்சயம் இல்லை, ஏனென்றால் லெட் ஆசிட் பேட்டரியை அடிமட்டம் வரை இறக்குவது ஒவ்வொரு தடவையும் அதன் தகடுகளைக் கெடுக்கும். 3 அல்லது 4 ஆம்பியரில் மெதுவாக ஒரு இரவு முழுக்க சார்ஜ் போட்டு, பிறகு பாதி நாள் சும்மா விட்டு, முன்னே சொன்ன முதல் இரண்டு எண்களையும் பாருங்கள். ஆல்டர்னேட்டரை நம்பி ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், முழுதாக இறங்கிய பேட்டரியை ஏற்றுவது அதன் வேலை இல்லை. எண் தேறவில்லை என்றால் வாரண்டி கார்டைத் தேடுங்கள், வாரண்டி இல்லையென்றால் அப்போது நீங்களே மாற்றுங்கள்.

மாற்றும்போது வாங்குவதற்கு முன் பழசைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீள அகலம் ட்ரேயில் உட்கார வேண்டும், பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் இருக்க வேண்டும் (மாறியிருந்தால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் ஆபத்து), டெர்மினல் தடிமனும் பழசு மாதிரியே. ஆம்பியர் அவரும், சிசிஏ (குளிரிலும் ஸ்டார்ட் செய்யும் திறன்) என்று போட்டிருக்கும் எண்ணும் பழசைவிடக் குறையக் கூடாது. தயாரித்த தேதி கிட்டத்தில் இருக்கட்டும், கடையில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்த புதுப் பேட்டரி புதுசு இல்லை.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பேட்டரியில் சல்ஃப்யூரிக் ஆசிட் இருக்கிறது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஆசிட் பட்டால் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள், கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே டாக்டர். சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள், தானாகப் பூட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு.

கழற்றும்போது மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது: கார் பாடி முழுக்க மைனஸோடு இணைந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருப்பினால் ஸ்பானர் பாடியில் தொட்டதும் ஷார்ட். மைனஸைக் கழற்றிவிட்டால் அப்புறம் ஸ்பானர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரி பத்து கிலோ இருக்கும், முதுகை வளைக்காமல் நேராகத் தூக்குங்கள், தம்பி தூக்கட்டும். ட்ரேயையும் கிளாம்ப்பையும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, உலர்த்தி, புதுசை வைத்து மேல் பட்டியை இறுக்குங்கள். அந்தப் பட்டியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஆடுகிற பேட்டரிக்கு ஆயுள் இல்லை. டெர்மினலைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள், ஈயம் மென்மையானது, உள்ளே விரிசல் விடும். கையால் ஆட்டினால் அசையாத அளவு இறுக்கினால் போதும், மேலே கொஞ்சம் வாஸ்லின். கடைசியாக மூன்றாவது எண்ணை அளந்துவிட்டு பானெட்டை மூடுங்கள்.

பழைய பேட்டரியை வீட்டு மூலையில் போட்டுவைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ஈயம் குழந்தைகளுக்கு விஷம். வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட்டால் அது திரும்ப உருக்கிப் பயன்படும், பழசுக்கு விலையில் கழித்தும் தருவார்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைப் பார்த்து ஸ்பானரை எடுக்க வேண்டாம், அவற்றில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தாலும் ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடுகிற வண்டியில் கையேடு பார்க்காமல் எதையும் தொடக்கூடாது. பேட்டரி சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும் கார்களில் வாயு வெளியேற ஒரு சின்ன டியூப் இருக்கும், மாற்றிய பிறகு அதை மாட்ட மறந்தால் வாயு காருக்குள் தங்கும்.

அப்பாவின் காரில் கசிவு எத்தனை மில்லியாம்பியர் வந்தது, எந்த ஃபியூஸில் இறங்கியது என்று எழுதுங்கள். அந்த ஃபியூஸின் பெயர் பெட்டி மூடியில் இருக்கும், அதையும் சேர்த்து எழுதினால் எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன்.